நெதர்லாந்து அப்பாவின் திருமணப் பதிவைத் தேடி டெல்டாவில் இரண்டு நாள்

என் அப்பா நெதர்லாந்துக்காரர். எழுபதுகளின் தொடக்கத்தில், கூலிப் போராட்டங்களால் கீழத்தஞ்சை கொதித்துக்கொண்டிருந்தபோது, விவசாயத் தொழிலாளர்களுக்கு வீடு கட்டித்தர வந்த ஒரு தொண்டர் குழுவில் இருந்தவர். நான் பிறந்த சில மாதங்களில் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார். அம்மா நன்னிலம் பக்கத்துக் கிராமத்தில் பள்ளி ஆசிரியை, நிலமுள்ள குடும்பம். “கல்யாணமே நடக்கவில்லை” என்று மாமா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா என்னிடம் ஒரே ஒரு முறை “நடந்தது” என்றார். அதற்குமேல் பேசவில்லை. கண்ணால் பார்க்காமல் எதையும் ஏற்கும் பழக்கம் எனக்கில்லை, அம்மா சொன்னாலும். போன வருடம் அவரும் காலமானார்.

இந்த மாசி மாதம் நான் கிளம்பியதற்கு உடனடிக் காரணம் மரீக்கே. பெரியப்பாவின் மகள், நெதர்லாந்தில் இருந்துகொண்டு குடும்ப வரலாறு தொகுக்கிறாள். அங்கே ஒவ்வொரு திருமணப் பதிவிலும் மணமக்களின் பெற்றோர் பெயர்கள் இருக்கின்றன. அதைப் பிடித்து அந்தப் பெற்றோரின் திருமணப் பதிவுக்குப் போகலாம், அங்கிருந்து அதற்கும் முந்தையதற்கு. பழைய பதிவுகள் எல்லாம் இணையத்தில் இலவசம். இப்படி ஏழு தலைமுறை ஏறிவிட்டாள். என் பெற்றோரின் இடம் மட்டும் காலி. “இல்லையென்றாலும் நீ என் தங்கைதான்” என்று எழுதியிருந்தாள். நல்ல பெண். ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருவாரூருக்குக் காலை ரயில். சுமார் 110 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். தஞ்சையைத் தாண்டியதும் இடதுபக்க ஜன்னல் கிடைத்தால் நல்லது, வலதுபக்கம் வெயில். சம்பா அறுவடை முடிந்து வயல்களில் உளுந்து முளைத்திருந்தது.

முதல் வேலை சார்பதிவாளர் அலுவலகம். (எந்த ஊர் என்று எழுதவில்லை, அவரவர் குடும்பத்துக்கு உரிய அலுவலகத்தை அவரவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.) சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி நடந்த திருமணம் என்றால் அங்கே பதிவு இருக்கும். உதவியாளர் ஓர் இளம்பெண், அலுக்காமல் கேட்டார்.

“வருஷம் தெரியுமா மேடம்?”

“எழுபத்து நாலு, இல்லைன்னா எழுபத்தஞ்சு.”

“மாசம் தெரிஞ்சா சுலபமா இருக்கும். சரி, ஆடியும் மார்கழியும் விட்டுடலாம். அதுல யாரு கல்யாணம் பண்ணப்போறாங்க.”

நானும் தலையாட்டினேன். நல்ல நேரம், கெட்ட நேரம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் தலையாட்டினேன். மதிய உணவுக்குப் பிறகு அவர் வந்து உதட்டைப் பிதுக்கினார். “இல்லைங்க மேடம்.”

அப்படியானால் மாமா சொன்னதுதான். நியாயமாக அங்கிருந்தே திருச்சிக்குத் திரும்பியிருக்க வேண்டும். மாமாவின் மனைவியைப் பார்த்து வெகுநாள் ஆயிற்றே என்று பேருந்தில் நன்னிலம் போனேன். முக்கால் மணி நேரம். அங்கிருந்து கிராமத்துக்கு ஆட்டோ, 150 ரூபாய். வீட்டு அடையாளம் சொன்னதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“தொரை மகளா நீங்க? அவரு கட்டுன வீட்லதாங்க நான் பொறந்தேன். மழைக்கு ஒழுகும், ஆனா விழாது.”

அத்தை காபி கொடுத்துவிட்டு, எங்கே இவ்வளவு தூரம் என்றார். சொன்னேன்.

“அது ஒரு கல்யாணமா? ஆபீஸ்ல போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்தாங்க.”

“போட்டாங்களா? எப்ப அத்தை?”

“ஆடி வெள்ளி. மாரியம்மன் கோயில்ல கஞ்சி ஊத்திக்கிட்டு இருக்கோம், ஒங்கம்மா கழுத்துல மாலையோட பஸ்ஸ விட்டு எறங்குறா. பக்கத்துல பனமரமாட்டம் அந்த மனுசன். அவருக்கும் ஒரு டம்ளர் கஞ்சி குடுத்துட்டாங்க, வாங்கிக் குடிச்சிட்டுக் கும்பிடு வேற போடுறாரு.”

“எதுக்கு ஆடியில?”

“வேணும்னுதான். நாள் நட்சத்திரம் பாக்க மாட்டோம்னு வீம்பு. கட்சிக்காரங்க அப்ப அப்படித்தானே கட்டிக்கிட்டாங்க, ராகு காலமாப் பாத்து.”

“மாமா நடக்கவே இல்லைன்னாரே.”

“நடந்துச்சுன்னு சொன்னா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல? ஆடியில பண்ணுனா அது கல்யாணக் கணக்குல வராதுன்னுட்டாரு. நானும் அதையே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.” காபி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தவர், “ஒங்கம்மா அழுத்தக்காரி. ஒரு தடவ கூட வந்து சண்ட போடல” என்றார்.

இரவு திருவாரூரில் தங்கினேன். பேருந்து நிலையம் அருகே சுத்தமான அறை, 900 ரூபாய். மறுநாள் மீண்டும் அலுவலகம். “ஆடியிலயா?” என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. “வாங்க மேடம், வந்து பாருங்க.” எழுபத்தைந்து, ஜூலைக் கடைசி, வெள்ளிக்கிழமை. அப்பா பெயர், அம்மா பெயர், மூன்று சாட்சிகள். அம்மாவின் கையெழுத்து பள்ளிக் கரும்பலகையில் எழுதுவதுபோல உருண்டையாக இருந்தது. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். சான்றிட்ட நகல் கையில் கிடைக்க மாலையாகிவிட்டது.

இதே தேடலில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். உங்கள் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பெற்றோரின் இறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் அசலும் நகலும் கொண்டுபோங்கள். தேடும் கட்டணமும் நகல் கட்டணமும் சில நூறு ரூபாய்தான். திங்கட்கிழமையும் முகூர்த்த நாளும் வேண்டாம், பத்திரப்பதிவுக் கூட்டம் நெரியும். நெதர்லாந்துப் பதிவுகளில் பெண்களைப் பிறந்த வீட்டுப் பெயரில் தேடுங்கள். கணவர் பெயரில் கிடைக்காது. எந்த மாதத்தையும் விட்டுவிடாதீர்கள். முக்கியமாக, கல்யாணத்துக்குப் போனவர்களை மட்டும் விசாரிக்காதீர்கள். எதிர்த்தவர்களையும் கேளுங்கள், அவர்களுக்குத்தான் நாள் மறப்பதில்லை.

திருவாரூர் ரயில் நிலையத்திலிருந்தே நகலைப் படமெடுத்து மரீக்கேவுக்கு அனுப்பினேன். வண்டி தஞ்சாவூரில் நின்றபோது பதில் வந்தது. காலியாக இருந்த இடத்தில் இரண்டு பெயர்களையும் சேர்த்துவிட்டாளாம். அம்மாவின் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறாளா என்று ஒருமுறை பார்த்தேன். எழுதியிருந்தாள். திருச்சி வரும்வரை நன்றாகத் தூங்கினேன்.