இடப்பக்கம் சுழலும் முக்கோணங்கள்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு சனிக்கிழமை மாலை கணினித் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். அப்பா வேலை பார்த்த அருங்காட்சியகத்தின் சின்னம் அதில் ஓடியது. முக்கோணங்கள் விரியும், இடப்பக்கமாகச் சுழலும், அடங்கும், மறுபடி விரியும். முடிவும் தொடக்கமும் ஒட்டுகிற இடம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியக் கூடாது. மகள் பொறியாளர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள்.

"எங்க முடியுதுன்னே தெரியலப்பா."

"எனக்கும்தான்" என்றார் அப்பா.

அவர் அங்கே படம்பிடிப்பவராகத்தான் சேர்ந்தார். பானைகள், வாள்கள், திமிங்கில எலும்பு என்று கேமராவும் கையுமாகத் திரிந்தவர். புதிய சின்னம் வந்தபோது அதை அசையவைக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. முதல் முயற்சியில் சுழலும் கோணத்தின் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி தவறி விழ, வலப்பக்கம் சுழல வேண்டியவை இடப்பக்கம் சுழன்றன. திருத்துவதற்குள் அருங்காட்சியக இயக்குநர் பார்த்துவிட்டார்.

"பிரமாதம். காலம் பின்னாடி போற மாதிரியே இருக்கு."

அந்தத் தவறு விதியாயிற்று. அருங்காட்சியகத் திரைகளில் ஓடும் எல்லாப் படமும் முக்கோணத்தில் தொடங்கி முக்கோணத்தில் முடிய வேண்டும். சுழற்சி எப்போதும் இடப்பக்கம்.

அதன்பின் அவர் கேமராவைத் தொடவில்லை. ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து டிக்கெட் கவுண்டருக்கு, லிஃப்டுக்கு, கழிவறைக்கு வழிகாட்டும் திரைக்கு என்று முக்கோணம் சுழற்றினார். சக ஊழியர்கள் 'முக்கோணம் சார்' என்று கூப்பிட்டார்கள். சிரித்துக்கொள்வார். வீட்டில் மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, "இவனுக்கு மட்டும் யாரும் விதி போடல" என்பார்.

பழைய வேலையைத் திருப்பிக் கேட்டபோதெல்லாம் மேலாளர் ஒரே பதிலை வைத்திருந்தார்: "உங்களை விட்டா இதுக்கு யாரு சார் இருக்கா?"

"புகழ்ந்துக்கிட்டே கழுத்துல கயித்தை மாட்டுறான்" என்று அப்பா வீட்டில் பொருமுவார். மறுநாள் அதே அறைக்குப் போவார்.

இப்போது புதிய கட்டடம் எழுந்திருந்தது. அதில் ஒரு சுவர் முழுக்கத் திரை. திரை முழுக்க முக்கோணம். சனிக்கிழமை சரிபார்த்தது அதைத்தான். கணினியை மூடியதும் அப்பா சொன்னார்:

"திங்கட்கிழமை நேர்ல போய்க் கேட்டுடப் போறேன். கேமராவைக் குடு, இல்லைன்னா ஆளை விடு."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

"போன தடவை சார்னு ஆரம்பிச்சுட்டேன். அங்கயே கெட்டுது."

ஞாயிறு காலை குளியலறையில் விழுந்தார். மாரடைப்பு. ஆம்புலன்ஸ் வரும்போது உயிர் இல்லை.

திங்கட்கிழமை மேலாளர் துக்கம் விசாரிக்க வந்தார். மெய்யாகவே கண் கலங்கியிருந்தார். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நினைக்காதம்மா. அந்த ஃபைல் அப்பா கணினியிலதான் இருக்கு. திறப்பு விழா நெருங்குது."

மகள் அதை ஒரு பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தாள். சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை ஓட்டியும் காட்டினாள். மேலாளர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அப்பா அன்று காலை முதல் வேலையாக இந்த மேலாளரின் அறைக்குப் போய்க் கேமராவைக் கேட்பதாக இருந்தது.