பிரேமலதாவின் படை

"எல்லாரையும் வளக்கணும்னு ஆசைப்படாதீங்க. அஞ்சு பேரு போதும்" என்று கைப்பேசியை உதட்டருகே பிடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் பிரேமலதா. பேருந்து காவிரிப் பாலத்தில் ஊர்கிறது. முன் இருக்கைப் பெண்மணி திரும்பி, "இந்தக் காலத்துல அஞ்சே ஜாஸ்திங்க" என்கிறாள். பிரேமலதா சிரித்துவிட்டுத் தொடர்கிறாள்: "பொட்டியத் தொறந்தா புதுசு புதுசா வீரன் வருவான். பளபளன்னு இருக்கானேன்னு பழையவனக் கைவிட்றாதீங்க. வைரத்தையெல்லாம் மொதல்லயே செலவழிச்சிட்டு அப்புறம் முழிக்காதீங்க."

புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. ஊசி குத்தியதே தெரியாது என்று பெயர். மதியம் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் கைப்பேசியைச் சாய்த்து வைப்பாள். திரையில் அவள் ஆடும் விளையாட்டின் போர் தானாக நடக்கும். இவள் பொரியலை மட்டும் தின்றுவிட்டுச் சோற்றை அளைவாள். விளையாட்டு தன் வீரர்களுக்குச் சூட்டியிருக்கும் வெளிநாட்டுப் பெயர்கள் அவள் வாயில் நுழைவதில்லை. தடியன், மருந்துக்காரி, குதிரைக்காரன் என்று அவளே பெயர் வைத்துக்கொண்டாள். மருந்துக்காரி விழுந்தால் மட்டும், "அடிப்பாவி" என்று வாய்விட்டே சொல்லிவிடுவாள்.

ஸ்ரீரங்கத்து மாடி வீட்டில், அம்மா காலமான பிறகு, அவள் பேச்சுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. விளையாட்டில் அவள் நடத்தும் குழுவில்தான் பேச்சு. புதிதாகச் சேர்கிறவர்கள் எப்படி ஆடுவது என்று கேட்பார்கள். இவள் குரலில் பதில் அனுப்புவாள். முகம் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அக்கா. ஆனால் சொல்லிக்கொடுத்தபடி ஆடி ஆள் பலமாகிவிட்டால், பெரிய குழுக்கள் அழைத்துக்கொள்ளும். 'தேங்க்ஸ்க்கா' என்று ஒரு வரி வரும். அந்த இடத்தில் இன்னொரு புதியவர் வந்து நிற்பார்.

மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் லோடு வண்டி ஓட்டும் வெள்ளைச்சாமி அப்படிப் போகவில்லை. மூட்டை ஏற்றும்வரை சும்மா இருக்கிற மனுஷன் ஆட்டத்தைவிட அதிகமாகப் பேச்சுக்கு வந்தார். இன்று திருவெள்ளறைப் பக்கம் மழை, இன்று டயர் பஞ்சர், இன்று மகளுக்குப் பல் விழுந்தது. "வீட்ல எல்லாரும் சாப்ட்டாங்களாக்கா?" என்று தினமும் கேட்பார்.

"ஆச்சு, ஆச்சு. எல்லாரும் சாப்ட்டாச்சு" என்பாள் பிரேமலதா. முதல் நாள் ஏதோ வாய்தவறி வந்த பதில். பிறகு மாற்ற மனம் வரவில்லை.

அவருக்கும் ஒரு நாள் பெரிய குழுவிலிருந்து அழைப்பு வந்தது. "போகவாக்கா? நீங்க சொன்னா இங்கயே இருந்துக்கறேன்."

அந்தக் குரல் பதிவை அவள் பலமுறை கேட்டாள். இரு என்றால் இருந்துவிடுவார். அதுதான் பயமாக இருந்தது. "போங்க. நம்ம குழுல இருந்தா இதுக்கு மேல வளர முடியாது" என்று அனுப்பினாள். 'வெள்ளைச்சாமி வெளியேறினார்' என்று திரை காட்டியது.

சில மாதங்கள் கழித்து ஒரு காலை. ரத்தம் எடுக்கும் அறை வாசலில் இருந்த பெண் அடுத்த ஆளைக் கூப்பிட, கைப்பேசியில் பேசியபடியே ஒருவர் உள்ளே வந்தார். "தம்பி, முன்னால நிக்கிறவன் அடி தாங்கணும். அடிக்கிறவனப் பின்னால நிறுத்துங்க. எங்கக்கா ஒருத்தங்க சொல்லிக் குடுத்தது."

பிரேமலதாவின் கையில் பஞ்சு அப்படியே நின்றது. இந்தக் குரலை எங்கே கேட்டாலும் தெரியும். நரைத்த மீசை, சட்டைக் காலரில் தவிட்டுத் தூசு. இப்படி இருப்பார் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"சுகர் இருக்கும்போலன்னு டாக்டர் சொன்னாருங்க. வலிக்குங்களா சிஸ்டர்?"

முகக்கவசத்துக்குள் அவள் வாய் திறந்தது. ஒரு சொல் போதும், தெரிந்துகொள்வார். சந்தோஷமாக எழுந்து நிற்பார். பிறகு, வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்பார்.

வலிக்காது என்று தலையை மட்டும் அசைத்தாள். விரல்களை மடக்கிக் காட்டினாள், அவரும் மடக்கினார். ரத்தம் குழாயில் ஏறியது. "எடுத்ததே தெரியலைங்க" என்றார் அவர், வியப்போடு.

பஞ்சை வைத்ததும், அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பது அவள் வழக்கம். அன்று தன் கட்டைவிரலாலேயே அழுத்திக்கொண்டு நின்றாள். அவர் மறு கையால் கைப்பேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். ரத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.