பெயர் எழுதாத படிவங்கள்

எங்கள் கல்லூரிக் கால்பந்து அணிக்குப் பல வருடங்களாக இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். இருவரும் தங்கமானவர்கள், தாளாளருக்குச் சம்பந்தி வழியில் சொந்தம். அடிபட்ட எவனையும் அவர்கள் உட்கார வைத்ததே இல்லை. உடற்கல்வி இயக்குநரான எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

போட்டிகள் தொடங்குமுன் உடல்தகுதிச் சான்றிதழ் படிவங்களைக் கட்டாகக் கொண்டுபோவேன். காபி ஆறுவதற்குள் எல்லாவற்றிலும் கையெழுத்து விழுந்துவிடும். பெயர் மட்டும் இருக்காது.

"உங்க பசங்கள உங்களுக்குத் தெரியாதா சார்? பேர நீங்களே போட்டுக்குங்க" என்பார் இருவரில் பெரியவர். நானும் போட்டுக்கொள்வேன். வசதியாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்த சமயம், தஞ்சாவூரில் அரையிறுதி. எங்கள் தடுப்பாட்டக்காரன் தரங்கம்பாடிப் பையன், மீனவர் வீட்டுப் பிள்ளை. அவனைத் தாண்டிப் பந்து போவது அபூர்வம். இடைவேளைக்குச் சற்றுமுன் எதிரணிக்காரன் தலையோடு இவன் தலை மோதியது. வெளியே வந்து வாந்தி எடுத்தான். பெரிய டாக்டர் இறங்கி வந்து இரண்டு விரலைக் காட்டினார்.

"எத்தன?"

"ரெண்டு சார்."

"பாத்தீங்களா, நல்லாத்தான் இருக்கான். எறக்குங்க."

எனக்கு உறுத்தியது. அவர் எப்போதும் இரண்டு விரலைத்தான் காட்டுவார், அணியில் எல்லோருக்கும் விடை தெரியும். ஆனாலும் டாக்டரே சொல்லிவிட்டார் என்று இறக்கினேன். பத்து நிமிடத்தில் அவன் கோட்டோரம் வந்து மெதுவாகக் கேட்டான்: "சார், நம்ம கோல் எந்தப் பக்கம்?"

ஆட்டம் எக்கேடு கெட்டால் என்ன என்று அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன். தலையில் இன்னொரு அடி விழுந்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். நாங்கள் இல்லாமலே மற்ற பையன்கள் ஆட்டத்தை ஜெயித்து, அடுத்த மாத இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தார்கள். விழுந்தடித்து பஸ் பிடித்து வந்த அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. "நீங்க இருக்கீங்கன்னுதான் சார் தைரியமா அனுப்புனோம்" என்றார். திட்டியிருக்கலாம்.

மறுநாள் தாளாளரிடம் போய், டாக்டர்களை மாற்றினால்தான் ஆச்சு என்று நின்றேன். நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"மாத்திடலாம் சார். ஆனா அவங்க மனசு நோகக் கூடாது. நாளைக்கு ஒரு விசேஷத்துல மூஞ்சியில முழிக்கணும்ல?"

அதனால் அவர்களுக்குப் பாராட்டு விழா எடுத்தோம். பொன்னாடை, ஆளுயர மாலை, வடை பாயசத்தோடு சாப்பாடு. தங்களை அனுப்பி வைக்கிறோம் என்பது கடைசிவரை அவர்களுக்கு உறைக்கவே இல்லை. "இவ்வளவு எதுக்கு சார்?" என்று பெரியவர் கண் கலங்கினார். பாவமாகத்தான் இருந்தது.

புதிதாக வந்தது ஒரு பெண் டாக்டர். பழக்க தோஷத்தில் படிவக் கட்டை நீட்டினேன்.

"பேரெல்லாம் எங்க சார்?"

"அத நாங்களே போட்டுக்குவோம் டாக்டர்."

"அப்ப கையெழுத்தையும் நீங்களே போட்டுக்குங்க."

கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், முதுகிலிருந்து மூட்டையை இறக்கியதுபோல் இருந்தது. ஒவ்வொருவனையும் தனித்தனியாகப் பார்த்தார். தரங்கம்பாடிப் பையனைக் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். தள்ளாடினான். இறுதிப் போட்டிக்கு மூன்று நாள்தான் இருந்தது. "இன்னும் வேணாம்" என்று முடித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அவன் என் அறைக்கு வந்தான். "சார், பழைய டாக்டர் போட்ட ஃபார்ம் பீரோவுல இருக்குமே? என் பேர மட்டும் எழுதுங்க சார், போதும்."

இருந்தது. நான்கு இருந்தன. அவன் இல்லாவிட்டால் கோப்பை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். எடுத்து மேசைமேல் வைத்தபோது என் கை பேனாவைத் தேடியது நிஜம். அவன் அம்மா சொன்னது காதில் விழுந்தது. நான்கையும் அவன் கண்ணெதிரே கிழித்துப் போட்டேன். கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.

இறுதிப் போட்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் இடத்தில் ஆடியவனைத் தொண்டை வறளத் திட்டிக்கொண்டே இருந்தான். கடைசி நிமிடத்தில் எதிரணி அடித்த பந்து எங்கள் கோலுக்குள் விழுந்தது. தோற்றோம். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"டேய், நம்ம கோல் எந்தப் பக்கம்?"

எரித்துவிடுவதுபோல் பார்த்தான். "அதோ, பந்து கெடக்குல்ல சார், அதான்!"

தோற்ற அணியின் பெஞ்சில் நான் ஒருவன் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன்.