ஜரிகை விரித்த கம்ப்யூட்டர் பெட்டி

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. என்னுடையதல்ல, மனைவியுடையது. நெசவாளர் வீட்டுப் பெண். பட்டுப் புடவைக்கான டிசைன்களை அதில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பாள். எனக்கு அதில் ஒரே குறை, அந்தத் தகரப் பெட்டி. இவ்வளவு வேலை செய்கிற யந்திரத்துக்கு அரிசி டின் மாதிரி ஒரு உடம்பா? தண்ணீர்த் தொட்டிக்கு அலாரம், கொசுவலைக்குள் விசிறி என்று வீட்டாரை ஏற்கெனவே பாடாய்ப் படுத்தியவன் நான். பிளைவுட் வாங்கி அறுத்து, பாலிஷ் போட்டு, நானே ஒரு பெட்டி செய்தேன். பவர் பட்டனுக்கு ஒரு காலிங் பெல் சுவிட்ச்.

அதோடு விட்டிருக்கலாம். உள்ளே வெறும் பலகை தெரிவது மனசுக்கு ஒப்பவில்லை. மாமனார் வீட்டிலிருந்து வந்த துண்டுப் பட்டு ஒன்று பீரோவில் கிடந்தது, முழுக்க ஜரிகை மயில்கள். அதை உள்ளே விரித்து ஒட்டி, மதர்போர்டைத் தொட்டிலில் குழந்தையைக் கிடத்துவதுபோல் அதன்மேல் கிடத்தித் திருகினேன்.

சுவிட்சை அழுத்தினேன். விசிறி ஒரு துள்ளு துள்ளி நின்றது. மறுபடி அழுத்தினேன். அதே துள்ளல்.

"இன்னாங்க, ஆன் ஆச்சா?" என்றாள் சமையலறையிலிருந்து.

"ஆயிக்கினே இருக்குதுமா."

ஒரு மாதமாக அவள் வரைந்த யாளி பார்டர் அதற்குள் இருந்தது. வேறெங்கும் பிரதி இல்லை. பக்கத்துக் கூரம் கிராமத்தில் ஒரு கல்யாணப் புடவைக்குத் தறியில் பாவு நூல் ஏற்றிவிட்டு அதற்காகக் காத்திருந்தார்கள். கருகல் வாடை வருகிறதா என்று பெட்டியை மோந்து பார்த்தேன். பயத்தில் மெயின் சுவிட்சை அணைத்தேன். மிக்ஸி நின்றதும் அவளே வந்துவிட்டாள்.

"என் டிசைன் இருக்குதா, பூடுச்சா?"

ஏதோ செய்வதாகக் காட்டிக்கொள்ள, கரண்ட் போக வழி இருந்தால் சத்தம் கொடுக்கும் மீட்டரை எடுத்தேன். அவசரத்தில் அதன் இரண்டு முனைகளும் துணியில் பட்டன. மீட்டர் 'பீப்' என்றது.

துணி பேசுகிறது. ஒரு முனையை மயிலின் அலகிலும் மற்றதைத் தோகையின் நுனியிலும் வைத்தேன். பீப். அடுத்த மயிலுக்குத் தாண்டினேன். சத்தமில்லை. அந்த மயிலுக்குள்ளேயே வைத்தால் மறுபடி பீப். நான் வாயைப் பிளந்தேன்.

"ஒரு மயிலுக்கு ஒரே இழைங்க. அலகுல ஆரம்பிச்சா தோகை வரிக்கும் அறுக்காம போவும்."

"கரண்ட்டும் அதே வழியில போவுதுமா."

"வெள்ளியில போவாதா பின்ன? கல்யாணத்துல எங்க புடவைய எடை போட்டுப் பாத்தாரு உங்கப்பா. அதுல வெள்ளி இருக்குதுன்னு உங்க வூட்ல ஒருத்தருக்கும் தெரியாதா?"

யாரோ ஒருவர் தறியில் குனிந்தபடி, தெரியாமலே ஒவ்வொரு மயிலையும் ஒரு மின்சுற்றாக நெய்திருக்கிறார். அதன்மேல் போர்டின் அடிப்பக்கத்து ஈய முனைகளெல்லாம் படும்படி படுக்கவைத்து, ஷார்ட் ஆக்கியவன் நான்தான்.

துணியை உரித்தேன். போர்டைக் கட்டைகளின்மேல் உயர்த்தி வைத்தேன். மெயினைப் போட்டு, பெல் சுவிட்சை அழுத்தும்போது கண்ணை மூடிக்கொண்டேன். விசிறி சுழன்றது, நிற்கவில்லை. கண்ணைத் திறந்தபோது திரையில் யாளிகள் வரிசையாக நின்றன. அவள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, ஒன்றின் வாலில் ஒரு கட்டத்தைத் திருத்தி, ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டாள்.

"கூரத்துக்கு நானே போய் குடுத்துட்டு வரேன். நான் வர்றவரிக்கும் எதையும் தொடாதீங்க."

பஸ் ஏறியிருப்பாள் என்று தோன்றியதும் பீரோவைத் திறந்து, அவளுடைய கூரைப்புடவையை மடியில் விரித்துக்கொண்டு, மீட்டரோடு உட்கார்ந்தேன்.