குருநகரில் பதிவாக மறுத்த போன்

காரியாலயங்களுக்குப் போன் பூட்டிக் கொடுக்கிற தொழிலில் மணி அடித்தால் எங்களை யாரும் நினைப்பதில்லை. அடிக்காவிட்டால் எல்லோரும் எங்களைத்தான் பார்ப்பார்கள்.

இணையத்தில் ஓடும் போன் ஒன்றை முதன்முதலாகப் பூட்டிவிட்டு, அதன் சின்னத் திரையில் "ரெஜிஸ்ரர் ஆகவில்லை" என்ற எழுத்தோடு முகம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்பர்களே, இது உங்களுக்காகத்தான். நான் தனியாகப் போய்ச் செய்த முதல் வேலை குருநகரில் ஒரு கடற்றொழிலாளர் சங்கக் காரியாலயம். கோப்பாயிலிருந்து ஸ்கூற்றியில் எட்டரைக்கே போய் இறங்கிவிட்டேன். "ஒரு மணித்தியால வேலைதான்" என்று வாயால் சொல்லியும் விட்டேன். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் பாதி மானமாவது மிஞ்சியிருக்கும்.

விதானையாரின் கடிதம்

ஒன்பது மணிக்குப் பழைய இணைப்பை நிறுத்தி, அதே நம்பரைப் புதுப் போனுக்கு மாற்றியாயிற்று. புதுப் போனுக்கு மின்சாரம் வந்தது, இணையம் வந்தது, நேரம்கூடச் சரியாகக் காட்டியது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு படி. கணக்குப் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால், போன், கம்பனியின் சேர்வரில் தன்னைத் தானே பதிந்துகொள்ள வேண்டும். அதைத்தான் அது செய்யமாட்டேன் என்றது.

சங்கச் செயலாளர் யேசுதாசன் அண்ணை அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு என்ன பிரச்சினை என்று கேட்டார். "ரெஜிஸ்ரர் ஆகுதில்லை அண்ணை" என்றேன். அவர் அலுமாரியைத் திறந்தார். வள்ளங்களின் பதிவுப் புத்தகம், எஞ்சின்களின் பதிவுத் துண்டு, கிராம அலுவலர் விதானையார் ஒப்பமிட்ட தன்னுடைய அடையாள அட்டைப் பிரதி, சங்க முத்திரை என்று ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. இந்தக் கரையில் வள்ளமோ எஞ்சினோ ஆளோ பதியாமல் கடலில் இறங்கியதில்லை. போனும் அப்படித்தான் என்று அவர் நினைத்ததில் என்ன பிழை? இது வேறு பதிவு என்று விளங்கப்படுத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முத்திரையைக் கையில் வைத்தபடியே சொன்னார்: "உதை முந்தநாளே சொல்லியிருந்தா விதானையாரிட்டை ஒரு கடிதம் எடுத்து வைச்சிருப்பனே, தங்கச்சி."

மாதாவின் பிளக்

பத்தரை மணிக்குத் திரையில் எழுத்து மாறியது. சந்தோஷப்பட்டு எட்டிப் பார்த்தால், இப்போது இணையமே இல்லையாம். வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். ரவுற்றரின் பிளக் கழற்றி நிலத்தில் கிடந்தது. அந்த இடத்தில் மாதா படத்தின் மின்குமிழ் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஆர் இதைக் கழட்டினது?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

சங்கத்தில் எழுத்து வேலை பார்க்கும் பிலோமினா அக்கா பேனையை வைத்துவிட்டு, தான்தான் என்று எழுந்தார். அவருடைய கணவர் முதல்நாள் பின்னேரம் வள்ளத்தில் போனவர். காலை ஏழு மணிக்குக் கரைக்கு வந்திருக்க வேண்டும். கைபோனுக்கு அடித்தால் போகவில்லை. தேடிக்கொண்டு இரண்டு வள்ளங்கள் போயிருந்தன. இதெல்லாம் யேசுதாசன் அண்ணை சொல்லி எனக்கு அப்போதுதான் தெரியும்.

அதைவிட மோசமான ஒன்றும் அப்போதுதான் தெரிந்தது. இந்தச் சங்கத்து வள்ளம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் சங்க நம்பரைப் பெரிதாகப் பெயின்ற்றால் எழுதியிருக்கிறார்கள். கைபோன் கடலில் விழுந்தாலும், எந்தத் தீவில் போய் ஒதுங்கினாலும், அங்கே நிற்கிற யாருடைய போனையாவது வாங்கி அந்த நம்பருக்கு அடிக்க வேண்டும். அதுதான் இவர்களுடைய வழக்கம். அந்த நம்பரைத்தான் ஒன்பது மணிக்கு நான் ஊமையாக்கி வைத்திருந்தேன். அடித்தால் கம்பனியின் ஒலிப்பதிவுக் குரல் மட்டும்தான் கேட்கும்.

என் பையில் இருந்த மல்ரி பிளக்கை எடுத்து மாதாவையும் ரவுற்றரையும் அதில் சேர்த்துக் கொளுவினேன். அக்கா என்னோடு கோபிக்கவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. "குறை நினையாதையும், பிள்ளை" என்றார். "அவற்றை போனும் இல்லை, உம்மடை போனும் இல்லை. மாதாவிட்டையாவது லைன் இருக்கட்டும் எண்டுதான்."

டீச்சர் யார், ரீச்சர் யார்?

இணையம் திரும்ப வந்தது. போன் மட்டும் பழைய பாட்டையே பாடியது. கடவுச்சொல்லைப் பத்தாவது தடவையாக அடித்தேன். அடிக்கிற எழுத்தெல்லாம் திரையில் நட்சத்திரமாகத்தான் தெரியும், சரியா பிழையா என்று பார்க்கவும் வழியில்லை.

அந்தக் கடவுச்சொல், கம்பனியின் சென்னை உதவிப் பிரிவிலிருந்து யேசுதாசன் அண்ணையின் வட்ஸ்அப்புக்கு வந்தது. ஆங்கிலத்தில் அனுப்பினால் குழம்பும், தமிழில் எழுதி விடுங்கோ என்று அண்ணைதான் கேட்டிருந்தார். அங்கிருந்த தம்பியும் நல்ல மனதோடு எழுதி அனுப்பியிருந்தார்: எம், டி, நாலு, கே, டி, ஒன்பது. கடைசியில் வெட்கத்தை விட்டு அவருக்கே அடித்தேன்.

"முதல் எம். அடுத்தது டி. டொக்டர் டி, சரியோ?"

"இல்லைங்க மேடம். டி. டீச்சர் டி."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்களுக்கு டி என்றால் ஆங்கிலத்தில் டொக்டரின் முதலெழுத்து, ரி என்றால் ரீச்சரின் முதலெழுத்து. நாங்கள் ரீச்சர், ரிக்கெற் என்று எழுதுவதை அவர்கள் டீச்சர், டிக்கெட் என்று எழுதுகிறார்கள். காலையிலிருந்து நான் ரீச்சர் இருக்க வேண்டிய இரண்டு இடத்திலும் டொக்டரைக் கொண்டுபோய் இருத்தியிருக்கிறேன்.

"தம்பி, அது ரி! ரீச்சர் ரி!" என்று கத்திவிட்டேன். யேசுதாசன் அண்ணை எந்த ரீச்சர் வந்திருக்கிறா என்று வாசலைப் பார்த்தார். மறுமுனையில் அந்தத் தம்பி மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "மேடம், நீங்களும் தமிழ்தானே?"

முதல் அழைப்பு

இரண்டு எழுத்தை மாற்றினேன். திரையில் பச்சை வந்தது. நேரம் பதினொன்றே முக்கால்.

சரி பார்க்க என் கைபோனிலிருந்து ஒருக்கால் அடிப்போம் என்று எடுக்கிறேன், அதற்குள் போன் அடித்தது. ஒருவரும் அசையவில்லை. பழைய மணிச் சத்தத்துக்குப் பழகிய காதுகள். புதுச் சத்தத்தை என் கைபோன் என்று நினைத்துவிட்டார்கள். "அக்கா, உங்கடை போன்தான்!" என்று சொல்லிக்கொண்டே பாய்ந்து ஒலிபெருக்கி விசையை அழுத்தினேன்.

காற்றின் இரைச்சலுக்குள்ளே ஓர் ஆண்குரல். எஞ்சின் நின்று, இழுபட்டு, நெடுந்தீவில் ஒதுங்கியிருக்கிறார். கைபோன் தண்ணீருக்குள் போய்விட்டது. கரையில் நின்ற ஒருவரின் போனை வாங்கி, வள்ளத்தின் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து இலக்கம் அடித்திருக்கிறார். பிலோமினா அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களோ?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வயரைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

அவரோ சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காரியாலயம் முழுக்கக் கேட்க அவர் சொன்னது இதுதான்: "ஒன்பது மணியிலை இருந்து அடிக்கிறன், பிலோ. ஆரோ ஒரு பொம்பிளை எடுத்துச் சிங்களத்திலை என்னவோ சொல்லுறாள். உங்கை ஆர் புதுசா வேலைக்கு வந்திருக்கிறது?"

இப்போது எந்தக் காரியாலயத்துக்குப் போனாலும், டொக்டரையும் ரீச்சரையும் சுகம் விசாரித்த பிறகுதான் நான் பழைய லைனில் கைவைக்கிறேன்.