திங்கட்கிழமை டெல்லி

டெல்லியில் அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கிளம்புவதற்கு வெகுநாள் முன்பே எனக்கு அது தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அதற்காக இன்றுவரை நான் துளிகூட வருத்தப்பட்டதில்லை.

பயணத்திட்டம் அக்கா புருஷனுடையது. மாமாவுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. தி. நகரில் எந்தக் கடையில் எந்த மாடியில் நல்ல சட்டை கிடைக்கும் என்பதிலிருந்து பார்லிமென்டுக்கு எத்தனை வாசல் என்பதுவரை அவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்வார். அபிராமபுரத்தில் அவர் வீட்டு சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு அக்காவுக்கும் எனக்கும் விளக்கினார்.

"மியூசியத்துக்கெல்லாம் வெள்ளிக்கிழமைதான் லீவு. நம்ம எழும்பூர் மியூசியம் வெள்ளிக்கிழமைதானே மூடறான்? தாஜ்மஹாலும் அப்படித்தான். கவர்மென்ட்டுன்னா எங்கயும் ஒரே ரூல். அதனால ஞாயித்துக்கிழமை ஆக்ரா. திங்கக்கிழமை கூட்டமே இருக்காது, டெல்லிய நிம்மதியா சுத்திட்டு சாயங்காலம் பிளைட்ட புடிக்கிறோம்."

"கரெக்ட் மாமா" என்றேன்.

சைதாப்பேட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் சும்மா போனைத் தட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. உடனே அவரைக் கூப்பிடத்தான் போனேன். விரல் பாதியில் நின்றுவிட்டது. அவர் வீட்டு கிரில் கதவு ஞாபகம் வந்தது.

சில வருஷங்களுக்கு முன்னால் அம்மா இடுப்பெலும்பு முறிந்து மயிலாப்பூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். என் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. மாமா வீட்டில் லிஃப்ட் உண்டு, சும்மா கிடக்கும் ஓர் அறையும் உண்டு. டிஸ்சார்ஜ் ஆனதும் சக்கர நாற்காலியோடு நேராக அங்கேதான் அம்மாவை அழைத்துப் போனேன். கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெற்ற மகள் வீட்டுக்குப் போக யார் அனுமதி கேட்பார்கள்?

மாமா மரக்கதவைத் திறந்தார். வெளியே இருக்கும் கிரில் கதவைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப்பக்கம் நின்றபடியே பேசினார். "இங்க வெச்சுக்கறது செட் ஆகாதும்மா. ஆளுங்க வந்து போற வீடு." அவருக்குப் பின்னால் அக்கா கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசவில்லை. மாமாவைவிட அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அம்மா என் கையைத் தட்டினாள். "இன்னாத்துக்கு இங்க நின்னுகினு கீற? வா, நம்ம வூட்டுக்குப் போலாம்."

எங்கள் தெரு ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் அம்மாவை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு அம்மா கீழே இறங்கவே இல்லை. கடைசியில் நாங்கள்தான் இறக்கினோம். அன்றைக்கு மாமா பெரிய மாலையோடு வந்து எல்லோருக்கும் முன்னால் நின்றார். அப்போதிருந்து கருவிக்கொண்டிருந்தேன். அந்த ஆள் ஒருநாள் பூட்டிய கதவுக்கு வெளியே நிற்க வேண்டும், நான் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அக்கா கூப்பிட்டபோது இழுத்தடித்த நான், பஸ்ஸில் போனைப் பார்த்த பிறகு டெல்லிக்கு ஒப்புக்கொண்டது அதற்காகத்தான்.

மே மாதத்து டெல்லி வெயிலில் மாமா வெள்ளைச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு கிளம்பினார். அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் 'இன்று தேசிய அருங்காட்சியகம், பிறகு குடியரசுத் தலைவர் மாளிகை' என்று காலையிலேயே அறிவித்தாகிவிட்டது. ஆட்டோக்காரர் பாவம், "சார், மண்டே..." என்று ஆரம்பித்தார். "யெஸ் யெஸ், மண்டே நோ கிரவுட்!" என்று மாமா அவர் வாயை அடைத்தார்.

தேசிய அருங்காட்சியகத்தின் வாசலில் காவலர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை ஆட்டினார். 'பந்த்', மூடியிருக்கிறதாம். மாமாவுக்கு நம்பிக்கை வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆசைதீரப் பார்த்தேன்.

"இது மட்டும் ஏதோ ரிப்பேர் போல" என்றார். குடியரசுத் தலைவர் மாளிகையைத் தடுப்புக்கு இந்தப்பக்கமிருந்து பார்த்தோம். அங்கேயிருந்த அருங்காட்சியகமும் பந்த். போலீஸ்காரர் நிழலில்கூட நிற்க விடாமல் நகரச் சொன்னார். மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வாட்ஸ்அப் குழுவில் 'போட்டோ எங்கே சார்?' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"படிச்ச பொண்ணுதானே நீ? முன்னாடியே பாத்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"உங்களுக்குத் தெரியாததா மாமா எனக்குத் தெரியப்போவுது?" என்றேன், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

மூன்றாவது, செங்கோட்டை. அதுவும் மூடியிருந்தது. மாமா இறங்கி அங்கே நின்றிருந்த காவலரோடு ஆங்கிலத்தில் சண்டை போடப் போனார். அக்கா ஆட்டோவிலேயே முட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயிலில் அவள் முகம் கன்றிப்போயிருந்தது. மாமாவைக் காய வைத்ததில் இவளையும் சேர்த்து வாட்டிவிட்டேனே என்று கொஞ்சம் உறுத்தியது. அவள்மேலும் கோபம் உண்டுதான். ஆனால் அவளுக்கு முட்டி வலி.

"அக்கா, ரூமுக்குப் போயிடலாமா? இன்னிக்கு எல்லாமே லீவு. எனக்கு மொதல்லயே தெரியும்."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. வாசலில் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்த மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் தெரியும். அவரு டிக்கெட் போட்ட அன்னிக்கே பக்கத்து வீட்டம்மா சொல்லிச்சு."

நானும் அவளோடு சேர்ந்து மாமாவைப் பார்த்தேன்.

மாமா தோற்றுப்போய்த் திரும்பி வந்தார். அக்கா நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள், தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள், அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ரயில் மியூசியம்னு ஒண்ணு கீதாம், அது தொறந்திருக்குமாம். இவதான் போன்ல பாத்தா" என்றாள்.

மாமா என் முகத்தைப் பார்த்தார். நான் போனில் அப்படி எதையும் பார்க்கவில்லை, அதுவும் திங்கட்கிழமை லீவுதான்.

"ஆமா மாமா" என்று சொல்லிவிட்டு ஆட்டோக்காரரை வண்டியை எடுக்கச் சொன்னேன்.