விநாயகம் போட்ட எண்

கடைசி இலக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து முடித்தால்தான், விநாயகத்தைப் பொறுத்தவரை, ஒரு பொருள் அரசாங்கத்துக்குச் சொந்தம். அதுவரை பில் இருந்தாலும் சரி, அதிகாரியின் கையெழுத்து இருந்தாலும் சரி, அது கடைக்காரன் பொருள்தான். இரண்டாம் நம்பர் பிரஷ், டீ கிளாஸில் கால்வாசி சிவப்பு எனாமல், தோளில் ஒரு பழைய துணி. மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுவார். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. புள்ளி வைத்த பிறகு திரும்பி, "இன்னா, கூப்டியா?" என்பார்.

செஞ்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் ஸ்டோர் கீப்பர். எந்த அலுவலகம் என்பது நமக்கு வேண்டாம். பயிர், மழை, வெள்ளம் என்று கணக்கெடுக்கிற இடம் என்று தெரிந்தால் போதும். ஸ்டோர் ரூம் சன்னலைத் திறந்தால் ராஜகிரி மலை, மேலே கோட்டையோடு, முழுசாகத் தெரியும். வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறி வந்து பார்க்கிற மலை. விநாயகம் அதைப் பார்த்து யாரும் பார்த்ததில்லை. அவர் கண் முழுக்க வளாகத்தில்தான் இருக்கும், எண் இல்லாத பொருள் ஏதாவது தப்பி நிற்கிறதா என்று. நாற்காலிக்கு முதுகில், மேசைக்கு அடியில், பக்கெட்டுக்கு வயிற்றில் எழுதுவது அவர் முறை. மின்விசிறியின் மூன்று இறக்கைக்கும் தனித்தனி எண் உண்டு. பக்கத்து அலுவலகத்தில் ஒருமுறை ஒற்றை இறக்கை மட்டும் காணாமல் போனதாம். வாசல் வேப்பமரத்திலும் ஒரு எண் இருக்கிறது. அதை வனத்துறை போட்டதென்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீடு சிங்கவரத்தில். காலை எட்டேகாலுக்கு சைக்கிளை எடுத்தால் எட்டே முக்காலுக்கு அலுவலகப் பூட்டைத் திறந்துவிடுவார். அவர் மனைவி கமலாம்பாள் அவரைப் பற்றிச் சொல்வதற்கு ஒரு கதை வைத்திருக்கிறார், விருந்தாளி யார் வந்தாலும் சொல்வார். "கேஸ் சிலிண்டர்ல பேர் எழுதுன மனுசன எங்கனா பாத்துக்கிறீங்களா? அடுத்த மாசம் அது எவன் ஊட்டுக்குப் போவுமோ, இவரு பேர வச்சிக்கினு போவுது." விநாயகம் பக்கத்திலேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார். கோபப்பட மாட்டார். "எந்த ஊட்டுக்குப் போனா இன்னா? நம்ம ஊட்டுல இருந்துதுன்னு தெரியுமில்ல" என்பார்.

மற்றவர்கள் பதவி உயர்வு வாங்கினார்கள், இடமாற்றம் வாங்கினார்கள், ஒன்றிரண்டு பேர் வேறு சிலதும் வாங்கினார்கள். விநாயகம் வாங்காத ஒன்றைப் பற்றித்தான் பெருமைப்படுவார். புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் தன் பெயரைச் சொல்வதற்கு முன்னால், "முப்பத்தொரு வருசம். ஒரு மெமோ கெடையாது" என்று சொல்லிவிடுவார். ஏன் இப்படிச் செய்தாய் என்று எழுத்தில் கேட்டு ஒரு காகிதம் அவர் பெயருக்கு வந்ததே இல்லை. ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த அலுவலகத்துக்கு டிரோன் வந்தது. சாம்பல் நிறம், நாலு கை, அடியில் ஒரு கேமரா. கூடவே அதை ஓட்ட ஷோபனா வந்தாள். தொண்டூர்ப் பெண், இருபத்தெட்டு வயது, சென்னையில் பயிற்சி முடித்து ஓட்டுநர் சான்றிதழ் வாங்கியவள், ஒப்பந்த வேலை. டிரோனைக் கிளப்புவதற்கு முன் ஒரு பிடி மண்ணை அள்ளி மெதுவாகக் கீழே விடுவாள், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க. மலையிலிருந்து பருந்து இறங்கி வந்தால் வானத்தைப் பார்த்து, "உன்கூட சண்டைக்கு வரல, போ" என்பாள். பெரும்பாலும் போய்விடும்.

பெட்டியைப் பிரித்த அன்று எல்லாரும் அதனோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். விநாயகம் மட்டும் ஒரு மணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். எங்கே எழுதுவது? கைகள் குச்சி மாதிரி இருந்தன. இறக்கையில் எழுதினால் எடை மாறிவிடும் என்று ஷோபனா தடுத்தாள். கடைசியில் வயிற்றுப் பக்கம் தீப்பெட்டி அளவுக்கு ஒரு தகடு அகப்பட்டது. அதில் ஏதோ பொடிப்பொடியாக அச்சடித்திருந்தது.

"சார், அதுல கம்பெனி நம்பர் இருக்குது சார்."

"கம்பெனி நம்பரு கம்பெனிக்கு. இது கவருமெண்டு பொருளு."

மூச்சைப் பிடித்து, ஒரே வீச்சில் 212 என்று எழுதி, புள்ளி வைத்தார். அவர் எழுதியதிலேயே அழகான எண் அதுதான் என்று இன்றைக்கும் அலுவலகத்தில் சொல்கிறார்கள்.

போன வருடப் புயலில் தொண்டூர்ப் பக்கம் நெல் மூழ்கியது, மண்டகப்பட்டுப் பக்கம் வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லைகள் ஏரியாகிவிட்டன. முன்பெல்லாம் இப்படி என்றால் எட்டு நாள் முழங்கால் தண்ணீரில் நடந்து, நனைந்த காகிதத்தில் குறித்துக்கொண்டு வருவார்கள். ஷோபனா இரண்டே காலைப்பொழுதில் முடித்தாள். அந்த இரண்டு நாளும் அவள் கையிலிருந்த திரை நனையாமல் குடை பிடித்தவர் விநாயகம். அவர் முதுகு நனைந்தது. அதிலிருந்து அந்தக் கருவியின் மேல் அவருக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது. ஆனாலும் டிரோன் என்று சொல்ல மாட்டார். "இருநூத்திப் பன்னண்டு இன்னிக்கு எங்க போவுது?" என்றுதான் கேட்பார்.

இந்தப் பங்குனியில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு, குறிப்பிட்ட சில நாடுகளின் பாகங்கள் உள்ள டிரோன்களை அரசு அலுவலகங்கள் இனி வாங்கக்கூடாது. புதிதாக வாங்கக் கொடுத்த ஆர்டர்கள் ரத்து. ஏற்கெனவே இருப்பவை, எந்தப் பாகம் எங்கே செய்தது, எடுத்த படம் எங்கே போய்ச் சேருகிறது என்று நிரூபித்த பிறகே பறக்கலாம். அலுவலகம் சிரித்தது. "நம்ம மல்லாட்டக் கொல்லைய எவன் எட்டிப் பாக்கப் போறான்?" என்று டைப்பிஸ்ட் ஜெயக்கொடி கேட்டார்.

விநாயகம் சிரிக்கவில்லை. "இந்தக் கோட்டையப் புடிச்சவன்லாம் மலையேறியா புடிச்சிருப்பான்? உள்ள இருந்து ஒருத்தன் கதவத் தொறந்து உட்டிருப்பான்" என்றார். எது யாருடையது என்று கேட்கிற சுற்றறிக்கையை அவரால் எப்படிக் குறை சொல்ல முடியும்? தான் முப்பத்தொரு வருடமாகச் செய்துவரும் வேலையை மேலிடம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்று அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட.

சந்தோஷம் பதினோராம் பக்கம் வரைதான். அங்கே ஒரு நிபந்தனை இருந்தது. டிரோனின் திரையில் காட்டும் எண்ணும், அதன் தகட்டில் நிறுவனம் அச்சடித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருப்பதை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று கொள்ளப்படும். சான்றிதழ் கிடையாது, டிரோனைத் திருப்பி அனுப்ப வேண்டும், பொறுப்பானவர் பெயரையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

சனிக்கிழமை அலுவலகம் விடுமுறை. விநாயகம் தனியாக வந்து கதவைச் சாத்திக்கொண்டு, பஞ்சில் தின்னரை நனைத்துத் தகட்டைத் துடைத்தார். முதலில் சிவப்பு வந்தது. அப்புறம் கறுப்பும் வந்தது. பஞ்சை விரித்துப் பார்த்தார், அதில் கறுப்பாக ஒரு தீற்றல் இருந்தது. தகடு புது எவர்சில்வர் ஸ்பூன் மாதிரி பளபளவென்று இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார். எனாமல் நல்ல சரக்கு. நிறுவனத்தின் மை அவ்வளவு நல்ல சரக்கில்லை. மத்தியானம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனார். கமலாம்பாள் போட்ட சோற்றில் பாதியை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை அதிகாரி அம்மாவின் அறையில் அவரும் ஷோபனாவும் நின்றார்கள். தகட்டின் ஓரத்தில் இன்னும் ஒரு நூல் அளவு சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த அலுவலகத்தில் சிவப்பு எனாமல் யாரிடம் இருக்கிறது என்பது காக்காய்க்குக்கூடத் தெரியும். அதிகாரி அம்மா ஷோபனாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நம்பர் எப்படிம்மா போச்சு?"

ஷோபனா தரையைப் பார்த்தாள். "தெரியல மேடம்."

அவளை வெளியே அனுப்பிவிட்டு, அதிகாரி அம்மா விநாயகத்திடம் தணிந்த குரலில் பேசினார். "நிரந்தர ஊழியர்னு எழுதினா மெமோ, விசாரணைன்னு இழுக்கும். உங்களுக்குப் பதினாலு மாசம்தான் இருக்கு. அவ கான்ட்ராக்ட். ஒரு வரில முடிஞ்சிடும். நான் பென்சில்ல எழுதித் தர்றேன், நீங்க நல்லா எழுதிக் கொண்டாங்க. கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பிடறேன்." அலுவலகத்தில் முக்கியமான கடிதம் எதுவானாலும் பென்சில் வரைவுக்கு மேல் மையால் எழுதுவது விநாயகம்தான். கையெழுத்து அப்படி.

விநாயகம் தாளை வாங்கிக்கொண்டு வந்தார்.

மாலையில் ஷோபனா ஸ்டோர் ரூமுக்கு வந்து சார்ஜர், பேட்டரி, ரெக்ஸின் பை எல்லாவற்றையும் மேசையில் வைத்தாள். எல்லாவற்றிலும் அவர் எண் இருந்தது.

"லிஸ்ட்ல பேரு போயிட்டா வேற எந்த ஆபீஸ்லயும் கூப்ட மாட்டாங்க சார். இதுக்கின்னே ஒரு லிஸ்ட் வச்சிக்கிறாங்க." சார்ஜர் வயரைச் சுற்றி வைத்துவிட்டு, "எங்க நைனா ஊரு பூரா சொல்லிக்கினு திரியறாரு, எம்பொண்ணு பைலட்டுன்னு. அத எப்டி நிறுத்தறதுன்னுதான் தெரியல" என்றாள்.

விநாயகம் பேட்டரிகளை ஒன்றுக்கு இரண்டு முறை எண்ணினார். மூன்றுதான் இருந்தன.

"அன்னிக்கே நீ சொன்ன இல்ல, கம்பெனி நம்பர் இருக்குதுன்னு. மேடம் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"நீங்கதான முப்பத்தொரு வருசம்னு சொல்லிக்கினே இருப்பீங்க சார்." கிண்டலாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, ரெக்ஸின் பையின் ஜிப்பைச் சரியாக இழுத்து மூடினாள். "கெளம்பறன் சார். தொண்டூர் பஸ்ஸு போயிடும்."

விநாயகத்துக்கு வெட்கமாக இருந்தது. மெமோ வாங்கினால் எப்படி இருக்கும் என்று இத்தனை வருடம் பயந்திருக்கிறார். இப்போது வாங்காமல் தப்பிப்பதுதான் பயமாக இருந்தது. வீட்டுக்குக் கிளம்பவில்லை. மேசையில் தாளை விரித்து, பென்சில் வரிகளின் மேல் மையால் எழுதத் தொடங்கினார். பார்வை எண், பொருள், மதிப்புக்குரிய ஐயா, எல்லாம் முத்து முத்தாக வந்தன. ஏழாவது வரியில் "ஒப்பந்தப் பணியாளர் ஷோபனா கவனக்குறைவாகக் கையாண்டதால் எண் அழிந்துவிட்டது" என்று பென்சிலில் இருந்தது. அந்த வரியை மட்டும் ரப்பரால் அழித்தார். அந்த இடத்தில், "பண்டகக் காப்பாளர் வி. விநாயகம் தகட்டின்மேல் எனாமலில் இருப்பு எண் எழுதி, பின்னர் தின்னரால் துடைத்ததால் எண் அழிந்துவிட்டது. ஓட்டுநர் முன்பே எச்சரித்திருந்தார்" என்று எழுதினார். எழுத்து கொஞ்சமும் கோணவில்லை.

அதிகாரி அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே படித்தார். ஏழாவது வரிக்கு வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"விநாயகம், இது செவன்டீன் பி சார்ஜ் ஷீட் வரைக்கும் போகும். பென்ஷனையே நிறுத்தி வைப்பாங்க. இது பென்சில்கூட இல்ல, மையில எழுதிட்டீங்க. யோசிச்சுதான் எழுதினீங்களா?"

விநாயகம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, கையெழுத்துப் போட வாகாக அவர் பக்கம் திருப்பி நீட்டினார்.